டிஸ்க்கை மாற்றுவதற்கு முன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. ஓய்வூதியக் கோப்பு ஒருவழியாகக் கையெழுத்தாகிவிட்டது என்று படித்ததும் எனக்கே பாதி பாரம் இறங்கியது போலிருந்தது. இங்கே அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து போடும் நேரத்தை நான் மறந்தால் நினைவூட்டுவதும் இப்போது அம்மாதான். மற்றவர்கள் நலம்.

இனி உன் லேப்டாப். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து கிடக்கிறது, கடைக்காரர் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்கிறார் என்று எழுதியிருக்கிறாய். சரி, அந்த 100-உடன் நொடிக்கு எத்தனை எம்பி என்று இன்னொரு எண்ணும் இருந்திருக்குமே, அதை ஏன் எழுதவில்லை? பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்பதைத் தொட்டால் படிக்கும் வேகம், எழுதும் வேகம் இரண்டும் கீழே தெரியும். எனக்கு வேண்டியது அவைதான்.

ஏனென்றால் அந்த 100 அளவைச் சொல்லவில்லை, நேரத்தைச் சொல்கிறது. கடந்த சில கணங்களில் டிஸ்க் சும்மா இருந்ததே இல்லை என்பதுதான் அதன் பொருள். எவ்வளவு வேலை நடந்தது என்பது வேறு சங்கதி. மளிகைக்கடையில் பிள்ளைகள் வரிசையாக வந்து ஆளுக்கொரு மிட்டாய் வாங்கினால் கடைக்காரருக்கு நிமிர நேரம் இருக்காது. கல்லாவில் காசும் சேர்ந்திருக்காது. உன்னுடையது நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க். ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. வேண்டிய இடம், படித்து எழுதும் முனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி நொடி. முனை அந்தத் தடத்துக்கு நகரவே ஏறக்குறைய 12. இரண்டையும் கூட்டிப் பார்: அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய வேலை என்றால் நொடிக்கு அறுபதைத் தாண்டுவதே கஷ்டம். ஒவ்வொன்றும் 4 கேபி என்றால் மொத்தம் கால் எம்பி கூடத் தேறாது. அதே டிஸ்க்கிடம் ஒரு பெரிய சினிமாவைத் தொடர்ச்சியாகப் படிக்கச் சொன்னால் நொடிக்கு 100 எம்பி வரை தரும். ஆகவே 100 சதவீதமும் அரை எம்பியும் சேர்ந்து தெரிந்தால், யாரோ ஓயாமல் துண்டு துண்டாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படு. டிஸ்க்கின் மேல் பழி போடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். கயலின் லேப்டாப் ஒரு தானியங்கி அப்டேட்டுக்குப் பிறகு ஊர ஆரம்பித்தது. பக்கவாட்டில் இருக்கும் டிஸ்க் விளக்கு அணையவே இல்லை. எதையும் திறக்காமல் வைத்திருந்தாலும் உள்ளே கரகரவென்று சத்தம். அவளோ ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் இருந்தாள். ஒரு வரி சேமிப்பதற்குள் வேர்டு வெளுத்துப்போய் நின்றுவிடும். வீட்டில் அந்த வாரம் யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.

டாஸ்க் மேனேஜரைக் கேட்டால் எழுதுவது 'சிஸ்டம்' என்கிறது. இதைவிட உதவாத பதில் வேறு கிடையாது. விண்டோஸின் கருவும் (கெர்னல் என்கிற மையப் பகுதி) டிரைவர்களும் (வைஃபை, ஆடியோ போன்ற கருவிகளை இயக்கும் நிரல்கள்) செய்கிற பெரும்பாலான வேலை அந்த ஒரே பெயரில்தான் கணக்காகும். அங்கேயே நின்றுவிடாமல் ரிசோர்ஸ் மானிட்டரைத் திற. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி அந்தப் பெயரைத் தட்டினால் வந்துவிடும். டிஸ்க் பக்கத்தில் 'டிஸ்க் ஆக்டிவிட்டி' பட்டியல் இருக்கும். 'ரைட்' என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் எழுதப்படுவது மேலே ஏறி வரும். அந்தப் பட்டியலில் ஃபைலின் முழு முகவரியும் இருக்கிறது, அதுதான் அதன் அருமை. கயலின் லேப்டாப்பில் உச்சியில் உட்கார்ந்திருந்தது புரோகிராம் டேட்டா ஃபோல்டருக்குள், வைஃபை டிரைவர் நிறுவனத்தின் பெயரில் இருந்த துணை ஃபோல்டரில், இடிஎல் என்று முடியும் ஒரு ஃபைல். வலது ஓரத்தில் பதில் நேரம் நூறு மில்லி நொடிகளுக்கு மேல் துள்ளிக்கொண்டிருந்தது. அந்த ஃபோல்டரைத் திறந்து எஃப்5 அழுத்த அழுத்த ஃபைல் கண்ணெதிரே பெருத்தது.

இடிஎல் என்றால் விண்டோஸின் நிகழ்வுப் பதிவு. டிரைவர் எழுதுகிறவர்கள், தங்கள் நிரல் எந்தப் படியில் சறுக்குகிறது என்று பார்க்க, ஒவ்வொரு அசைவையும் பதிவு செய்ய வைப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் அது அவசியம். விற்பனைக்கு அனுப்பும்போது நிறுத்த வேண்டும்; நிறுத்தவில்லை. பதிவை டிஸ்க்குக்குக் கொண்டுபோவது விண்டோஸின் கரு என்பதால் பெயர் மட்டும் 'சிஸ்டம்' மேல் விழுந்தது.

சந்தேகத்தை உறுதி செய்யவும் வழி இருக்கிறது. பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் 'டேட்டா கலெக்டர் செட்ஸ்', அதற்குள் 'ஈவென்ட் டிரேஸ் செஷன்ஸ்'. ஓடிக்கொண்டிருக்கும் பதிவுகள் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். வைஃபை பெயர் தாங்கிய ஒன்றை வலது சொடுக்கி நிறுத்தினேன். உடனே விளக்கு அணைந்தது, கரகரப்பு அடங்கியது. லேப்டாப்பை அணைத்து மறுபடி ஆன் செய்தபோது அந்தப் பதிவும் திரும்ப வந்துவிட்டது, ஏனென்றால் கணினி தொடங்கும்போதே தொடங்கும் பட்டியலிலும் டிரைவர் தன் பெயரை எழுதி வைத்திருந்தது. ஆகவே மருந்து அதுவல்ல. ஆனால் குற்றவாளி யார் என்பதில் அதன் பிறகு எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

உன்னிடமும் இப்படி ஒரு டிரைவர் சிக்கினால், டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியின் பிராப்பர்ட்டீஸுக்குப் போய், டிரைவர் பக்கத்தில் 'ரோல் பேக்' கொடு. முந்தைய பதிப்பு திரும்பிவிடும். அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தால் பழைய பிரதி கணினியில் இல்லை என்று பொருள். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுக்க வேண்டும். வைஃபை டிரைவர் என்றால் முதலில் பதிவிறக்கு, பிறகு நீக்கு. வரிசை மாறினால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். டிரைவர் பக்கத்தில் 2006 ஜூன் 21 என்ற தேதியைக் கண்டு மிரளாதே. விண்டோஸோடு வரும் டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே அந்தப் பழைய தேதியை இடுகிறது. தயாரிப்பாளரின் டிரைவர் எப்போதும் அதைவிடப் புதியதாகத் தெரியவேண்டும் என்பதற்காக.

இதில் எரிச்சலூட்டியது வேறொன்று. ரோல் பேக் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினால், அப்டேட் அதே கெட்ட டிரைவரை மறுபடி கொண்டுவந்து போட்டுவிட்டது. கயலுடையது விண்டோஸின் புரோ பதிப்பு என்பதால், விண்டோஸுக்கு விதிகள் போடும் குரூப் பாலிசியில், அப்டேட்டுகளோடு டிரைவர்களைச் சேர்க்காதே என்ற விதியைப் போட்டு வாயை அடைத்தேன். வீட்டுக்காரன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதை மறுபடியும் திண்ணையில் வைத்துவிட்டுப் போகிற இந்தத் தாராள குணத்தை என்னால் ரசிக்க முடியவில்லை.

சோதனைக்கான பதிவு விற்பனைக்கு வந்துவிடுவது அபூர்வம் என்று நினைக்காதே. 2017 மே மாதம் மோட்ஸீரோ என்ற ஸ்விட்சர்லாந்து நிறுவனம் வெளியிட்ட செய்தி நினைவிருக்கிறதா? ஹெச்பி லேப்டாப்கள் சிலவற்றில் இருந்த கோனெக்ஸன்ட் ஆடியோ டிரைவரோடு வந்த மைக்ட்ரே என்ற சிறு நிரல், மைக்கை நிறுத்தும் விசையைக் கவனிக்கும் சாக்கில், தட்டிய எல்லா விசைகளையும் பொது ஃபோல்டரில் ஒரு ஃபைலில் எழுதிக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டு உட்பட. ஹெச்பி பிறகு திருத்தம் வெளியிட்டது. டிஸ்க்கைத் தேய்க்கும் பதிவு தொல்லை. இந்த மாதிரிப் பதிவு ஆபத்து. கயலின் ஃபைலில் இருந்தது வைஃபையின் சொந்தப் புலம்பல் மட்டும்தான், அதுவரை நல்லது.

உன் கணக்கில் இரண்டு வேகமும் பூஜ்யத்தில் நின்று, 100 மட்டும் அசையாமல் இருந்தால் விஷயம் வேறு. உள்நிரலில் கோளாறு உள்ள சில ஏஹெச்சிஐ வகைச் சேமிப்புக் கருவிகள், விண்டோஸ் 10-இல் அவற்றை இயக்கும் ஸ்டோர்ஏஹெச்சிஐ டிரைவரோடு எம்எஸ்ஐ என்ற குறுக்கீட்டு முறையில் பேசும்போது, கேட்ட வேலையை முடித்ததாகச் சொல்லாமல் ஊமையாகிவிடும். விண்டோஸ் காத்திருந்து பார்த்துவிட்டு டிஸ்க்கை ரீசெட் செய்யும். விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைப் பார். 129 என்ற எண் திரும்பத் திரும்ப வந்தால் அதுவாக இருக்கலாம். விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எம்எஸ்ஐயை அணைப்பது மைக்ரோசாஃப்டே சொன்ன வழிதான், ஆனால் அதை நீ தனியாகத் தொடாதே, நான் போனில் இருக்கும்போது செய்வோம். அதே இடத்தில் 'டிஸ்க்' என்ற பெயரில் 7 என்ற எண் வரிசை கட்டி நின்றால் கடைக்காரர் சொன்னது சரி; டிஸ்க்கில் பழுதான பகுதிகள் இருக்கின்றன. அப்போது வேறெதையும் பார்க்காமல் நிலப் பத்திர ஸ்கேன்களையும் உன் அப்பாவின் குரல் பதிவுகளையும் முதலில் வெளியே எடுத்து வை. உண்மையில் எதுவானாலும் அதை இன்றே செய்.

விண்டோஸின் பின்னணிச் சேவைகளான சிஸ்மெயினை நிறுத்து, தேடலுக்கான 'சர்ச்' சேவையை நிறுத்து, நினைவகத்துக்குத் துணையாக டிஸ்க்கைப் பயன்படுத்தும் பேஜிங்கை மாற்று என்று பத்து வைத்தியம் உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். எழுதுவது யார் என்று பார்ப்பதற்கு முன் ஒன்றையும் நிறுத்தாதே. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால், எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த அப்டேட்டில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ரிசோர்ஸ் மானிட்டரில் ஃபைல் பெயரைக் கொண்டு பிடிபடவில்லை என்றால் பிராசஸ் மானிட்டர் இருக்கிறது. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கிய சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று. 2006-இல் அவர்களது நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது, இன்றும் இலவசம். ஒரு எழுத்துப் பணியை இருமுறை சொடுக்கி 'ஸ்டாக்' பக்கத்தைப் பார்த்தால் எந்த டிரைவர் வழியாக வந்தது என்று பெயரே தெரியும்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்கு, எப்படியும் இந்தக் காலத்துக்கு அது வேண்டும். ஆனால் அலறும் டிரைவரை வைத்துக்கொண்டு வாங்கினால் சத்தமும் கேட்காது, தாமதமும் தெரியாது. எழுதிக்கொண்டே இருப்பது மட்டும் தொடரும். எஸ்எஸ்டிக்கு எழுதும் ஆயுளுக்கு ஒரு வரம்பு உண்டு.

இப்போதைக்கு நீ செய்ய வேண்டியது: இரண்டு வேகங்கள், ரிசோர்ஸ் மானிட்டரில் முதலில் நிற்கும் ஃபைலின் முழு முகவரி, ஈவென்ட் வியூவரில் 129-ஓ 7-ஓ உண்டா என்பது. போனில் படம் எடுத்து அனுப்பு. ஞாயிறு மாலை அழைக்கிறேன். கடைக்காரரிடம் அதுவரை முன்பணம் கொடுத்துவிடாதே. அண்ணிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ராமநாதன்