கையெழுத்துப் போடாதே, கண்ணு

கார்க், அயர்லாந்து

அன்புள்ள செல்விக்கு,

நான் நலம். அம்மாவுக்குக் கால்வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதுகிறேன்.

இங்கே டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. முதியோர் இல்லத்தில் இடுப்பொடிகிற வேலைதான். ஆனால் சம்பளம் என் கணக்கில் விழுகிறது. முதல் சம்பளத்தில் மழைக்கோட்டு வாங்கி, பில்லை மடித்துப் பத்திரமாக வைத்தேன். அப்பா கணக்குக் கேட்பாரே என்று கை தானாகச் செய்தது அது. பீரோச் சாவி எப்போதும் அவர் அரைஞாணில்தானே! அம்மா காய்ச்சலில் கிடந்தபோது, கொப்பரை லோடு போகட்டும், அப்புறம் ஆஸ்பத்திரி என்றாரே, எனக்கு ஆறவே இல்லை. அண்ணனுக்கு நாற்பதாகிறது. எந்தக் காட்டில் என்ன விதைப்பது என்று இன்னும் அவன் வாய் திறக்க முடியாது. கிணற்றடியில் சாட்டையால் வாங்கியது அப்படி.

நான் பார்த்துக்கொள்ளும் பாட்டி ஒருவரும் பண்ணைக் குடும்பம்தான். கல்யாணமானால் பெண்கள் அரசு வேலையை விட வேண்டும் என்ற விதி இங்கே 1973 வரை இருந்ததாம். மனைவிக்கு ஒன்றுமில்லாமல் புருஷன் உயில் எழுதிவிட முடிந்ததாம். 1965ல் வந்த சட்டம்தான் அதைத் தடுத்தது.

சரி, முக்கியமான விஷயம். பொங்கல் கழிந்ததும் அப்பா உன்னைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப் போகப்போவதாகச் சின்னம்மா சொன்னார்கள். சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே. "சீர் செஞ்சாச்சு, பொட்டப்புள்ளைக்கு எதுக்குக் காடு" என்பார் அப்பா. அது நம் தாத்தா, அப்பாரு விட்டுப்போன பூர்வீகப் பூமி. அப்பா சம்பாதித்ததல்ல. மகளுக்கும் அதில் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்தது, 2005ல் நாடு முழுக்க வந்தது. அது பிறப்பிலேயே வரும் உரிமை என்று 2020ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஒரு தடவை எழுதிக் கொடுத்துவிட்டால் மீட்பது லேசில்லை. அண்ணன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் பங்கு அவனுக்கு.

கை ஓங்கினால் பெண்கள் உதவி எண் 181க்குக் கூப்பிடு. யோசிக்காதே.

அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பணம் உன் கணக்கில் போடுகிறேன். ஆதார் பீரோவில் இருந்தால் போகட்டும், இ-சேவை மையத்தில் அதன் நகல் எடுத்துக்கொள்ளலாம். அம்மாவிடம் தோட்டத்தில் தனியாக இருக்கும்போது சொல்.

உன் அக்கா