ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகளுக்கு ஐசோபியூட்டேன் வாயு பற்றிப் பயிற்சி கோரும் மனு

அனுப்புநர்
ஃபிரிட்ஜ் மெக்கானிக்,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருவாரூர்.

பொருள்: ஆர்-600ஏ வாயு உள்ள ஃபிரிட்ஜ்களைப் பழுது பார்க்கப் பயிற்சி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

இருபத்திரண்டு வருடமாக மன்னார்குடியில் ஃபிரிட்ஜ் பழுது பார்த்து வருகிறேன். ஐ.டி.ஐ. படித்தவனில்லை. கடையில் எடுபிடியாக இருந்து கற்ற தொழில். எங்கள் பக்கம் பலரும் அப்படித்தான்.

நாங்கள் பழகியது ஆர்-134ஏ என்ற பழைய ஃபிரிட்ஜ் கேஸ். அது தீப்பிடிக்காது. பைப்பை வெட்டி, கேஸைத் திறந்துவிட்டு, உடனே பர்னரைப் பற்றவைப்போம். இப்போது வரும் ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சமையல் சிலிண்டரில் இருக்கும் பியூட்டேனின் பங்காளி இது. அதே நான்கு கார்பன், பத்து ஹைட்ரஜன். சங்கிலி மட்டும் நேராகப் போகாமல் நடுவில் கிளை பிரியும். ஓசோனைக் கெடுக்காது, புவி வெப்பத்தையும் அவ்வளவாகக் கூட்டாது. அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் காற்றில் 1.8 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். காற்றைவிட இரண்டு மடங்கு கனம் என்பதால் தரையோடு கிடக்கும். சிலிண்டர் கேஸில் வாடைக்கென்று மெர்காப்டன் சேர்க்கிறார்கள்; இதில் அதுவும் கிடையாது.

போன சித்திரையில் நீடாமங்கலம் பக்கம் ஒரு வீட்டில், கூலிங் இல்லை என்று கூப்பிட்டார்கள். கூட வந்த பையன் பைப்பை வெட்டிவிட்டு பர்னரைக் கொளுத்தினான். கம்ப்ரஸருக்கு அடியில் ‘பக்’கென்று நீலமாக ஓடியது. அவன் முன்னங்கை முடி பொசுங்கியதோடு போயிற்று. உள்ளே இருந்தது ஐம்பது கிராம்கூட இருக்காது. மஞ்சள் முக்கோணத்தில் தீச்சுடர் போட்ட ஸ்டிக்கர் கம்ப்ரஸர் மேலேயே இருந்தது, ஒட்டடைக்கு அடியில். துடைத்துப் பார்க்காதது என் தப்புதான்.

இன்னொரு சிக்கல் கேஜ், அதாவது கேஸின் அழுத்தம் காட்டும் மீட்டர். இந்த வாயு கொதிப்பது மைனஸ் 11.7 டிகிரியில். ஃப்ரீஸர் அதைவிடக் குளிர்ந்து ஓடும்போது சக்‌ஷன் பக்க முள் வாக்குவத்தில், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கீழே, போய் நிற்கும். பழைய பழக்கத்தில் ‘கேஸ் கம்மி’ என்று மேலும் மேலும் ஏற்றிவிடுகிறோம். தராசில் வைத்து கிராம் கணக்கில் போட வேண்டியது இது. சரி, அந்தத் தராசு எத்தனை பேரிடம் இருக்கிறது?

ஆகவே மாவட்டத்திலுள்ள அரசு ஐ.டி.ஐ. ஒன்றில், தொழிலில் இருக்கும் மெக்கானிக்குகளுக்குப் படிப்புச் சான்றிதழ் கேட்காமல் இரண்டு நாள் செய்முறைப் பயிற்சி நடத்த உத்தரவிட வேண்டுகிறேன். கேஸை ஹோஸ் வைத்து வீட்டுக்கு வெளியே விடுவது, பைப்பில் நைட்ரஜன் ஓட்டி மிச்ச கேஸை விரட்டிய பிறகே பர்னரை எடுப்பது, தராசில் நிறுத்துப் பார்த்து கேஸ் ஏற்றுவது, இந்த மூன்றையும் கையால் செய்ய வைத்தால் போதும். கோடையில் மட்டும் வைக்க வேண்டாம்; எங்களுக்கு அதுதான் அறுவடை. அப்புறம், பழைய இரும்புக் கடைகளில் கம்ப்ரஸர் பைப்பை கேஸ் கட்டரால் அறுக்கிறார்கள். தீயணைப்புத் துறையினர் அங்கேயும் ஒரு நடை போய்ச் சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: கம்ப்ரஸர் ஸ்டிக்கரின் புகைப்படம் 1.