பாகற்காய்க்கு இங்கே எழுதும் எழுத்து

உ
சிவமயம்

தொயாமா, ஜப்பான்,
மார்கழி 25

அன்புள்ள ஆத்தாவுக்கும் அப்பச்சிக்கும் மகன் எழுதுவது. நான் நலம். அங்கே எல்லோர் நலமும் அறிய ஆவல்.

உங்கள் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. போனில் கேட்டால் "நல்லாயிருக்கேன்" என்று சொல்லி நான் வைத்துவிடுவேன் என்றுதானே தபாலில் போட்டீர்கள்? நாலு மாதமாகச் சரியாகப் பேசாததற்கு நீங்கள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "வேலை அதிகமாக இருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகும் பதில் போடாமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை.

முதலில் நீங்கள் பயந்த விஷயம். நான் சாமியாராகப் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியோடு கோவிலுக்குப் போனேன் என்று ஆச்சியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அது கோட்டையூர் அயித்தை காதுக்குப் போய் உங்களிடம் வந்து சேர்வதற்குள் எனக்கு மொட்டையே அடித்துவிட்டார்கள். ஆத்தா, இந்தப் பக்கத்துக் கோவில்களில் பூசை வைக்கிறவரே சம்சாரி. எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஷின்ரன் (1173–1263) என்று ஒருவர், துறவியாக இருந்தவர், கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை குட்டியோடு வாழ்ந்தார். அவர் வழியில் வந்த கோவில்கள்தான் இங்கே ஊருக்கு ஊர். எங்கள் தெருக் கோவில் குருக்கள் சின்ன லாரி ஓட்டுகிறார், பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறார். இங்கே சேர்ந்தால்கூட நீங்கள் பெண் பார்ப்பதற்குத் தடை இல்லை. (பார்க்க வேண்டாம். அதைப் பற்றிக் கடைசியில்.)

இன்னொன்று. புத்தர் நமக்கு அந்நியம் என்று சின்னாத்தா சொன்னாராமே. நம் நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று நாம்தானே பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பூம்புகாரில் தோண்டியபோது புத்த விகாரையும் புத்தர் பாதம் பொறித்த கல்லும் கிடைத்திருக்கின்றன. தெருவில் எதிரும் புதிருமாகப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள்தான் என்று சின்னாத்தாவிடம் சொல்லுங்கள்.

குளிர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒன்றும் பெரிதில்லை. தார்ச்சாலையின் நடுவில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளை வைத்து, பூமிக்கு அடியிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் இரும்பு இருப்பதால் ரோடெல்லாம் துருப்பிடித்த சிவப்பு. முதல் தடவை பார்த்தபோது நம்ம ஊர்ச் செம்மண் என்று நினைத்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டேன். மண்ணெண்ணெய் அடுப்பை ராத்திரி ஒன்பது மணிக்கே அணைத்துவிடுகிறேன், பாதுகாப்புக்காக. அப்பச்சி கொடுத்த கம்பளியும் நீங்கள் கொடுத்த போர்வையும் போதும்.

பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன், அப்போதுதான் கோவில் கதை புரியும். வயது எண்பத்து மூன்று. விடிவதற்கு முன்பே எழுந்து வாசலில் பனியை வாருவார், என் வாசலையும் சேர்த்து. நான் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து மண்வெட்டியை எடுப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். வேண்டாம் என்றால் கோபம் வரும். என் குப்பையை எடுத்துப் பார்த்து, இதை வியாழக்கிழமைதான் போட வேண்டும் என்று திருப்பிக் கொண்டுவந்து வைப்பார். அவர் வீட்டில் ஒரு ஆள் உயரத்துக்குப் பீரோ மாதிரி ஒரு பெட்டி, உள்ளே முழுக்கத் தங்க ரேக்கு. அதுதான் வீட்டுச் சாமி அறை. காலையில் சோறு வடித்ததும் முதல் பிடி அதற்கு. ஊதுவத்தியை நிறுத்தி வைப்பதில்லை, ஒடித்துச் சாம்பலில் படுக்க வைப்பார்கள். மணியை ஒரு தட்டு, "நமாந்தாபு, நமாந்தாபு" என்று ஒரு முணுமுணுப்பு. அமிதாப புத்தரை வணங்கும் சொல் வாயில் தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது, நம்ம "சிவசிவா" மாதிரி. இருமினாலும் நமாந்தாபு, உட்கார்ந்து எழுந்தாலும் நமாந்தாபு.

போன வருஷம் ஒரு நாள் நான் சும்மா இராமல் கேட்டேன்: "ஆசையை விட்டால் துன்பம் போகும் என்று புத்தர் சொன்னாராமே பாட்டி, நீங்கள் விட்டாயிற்றா?" அவர் சிரித்த சிரிப்பு தெரு முனை வரை கேட்டிருக்கும். "டாக்டர் இனிப்பை விடச் சொல்லி இருபது வருஷம் ஆச்சு. அதையே விடலை." அப்புறம் சொன்னார்: விட முடிகிறவர்கள் மலைக்குப் போய் உட்கார்ந்து விடட்டும், விட முடியாத மக்குகளுக்குத்தான் இந்தப் பெயர். இதுதான் ஷின்ரன் வழி என்று பிறகு தெரிந்துகொண்டேன். நகரத்தில் தியானம் சொல்லித்தரும் ஒரு இடத்துக்கும் இரண்டு தடவை போனேன். அங்கே துக்கம் என்றால் டென்ஷன், மூச்சைக் கவனித்தால் சரியாகும் என்றார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் அந்த இடத்தில் பாட்டி சிரித்த மாதிரி யாரும் சிரிக்கவில்லை.

இங்கே துக்கத்தை எட்டாகக் கணக்குப் பண்ணி வைத்திருக்கிறார்கள். பிறப்பு, மூப்பு, நோய், சாவு என்று நாலு. பிரியமானவர்களைப் பிரிவது, பிடிக்காதவர்களோடு சேர்ந்து இருப்பது, வேண்டியது கிடைக்காதது, இந்த உடம்பும் மனசுமே சுமையாவது என்று இன்னும் நாலு. "நாலு துக்கம் எட்டு துக்கம்" என்பது இங்கே தெருப் பேச்சு. வரிப் படிவம் நிரப்பினாலும் அதே சொல்தான். ஆறாவது துக்கத்துக்குப் பாட்டி உதாரணம் சொன்னது அவருடைய மருமகளை. அந்த அம்மாள் ஒசாகாவில் இருக்கிறார், என்ன சொல்வாரோ.

துக்கத்துக்கு எழுதும் அதே எழுத்துதான் கசப்புக்கும். மேலே புல்லுக்கு ஒரு குறி, கீழே ஒரு சிலுவையும் ஒரு பெட்டியும். கீழே இருப்பதை மட்டும் தனியாகப் படித்தால் "பழையது" என்று பொருள். பழையது என்றதும் எனக்கு மோரும் சின்ன வெங்காயமும்தான் ஞாபகம் வந்தது, அது வேறு. பாகற்காய்க்கு இங்கே அந்த எழுத்தைப் போட்டுத்தான் பெயர் எழுதுகிறார்கள்: கசக்கும் காய் என்றும் படிக்கலாம், துக்கக் காய் என்றும் படிக்கலாம்.

ஆத்தா, ஆயா போன செய்தி ஆவணியில் வந்தபோது இங்கே பாகற்காய் சீசன். நான் ஏன் வரவில்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன் அல்லவா, அதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

அன்றைக்கு என்னோடு வேலை பார்க்கும் இலங்கைக் குருநாகல் தம்பி, சிங்களப் பையன், கொழும்பில் தமிழர்கள் இருக்கும் வெள்ளவத்தைக் கடையில் வேலை பார்த்ததால் தமிழ் பேசுவான், என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதை சொன்னான். பிள்ளையைப் பறிகொடுத்த கிசா கோதமியைப் புத்தர் கடுகு வாங்கிவரச் சொன்னாரே, சாவு விழாத வீட்டிலிருந்து, அந்தக் கதை. எல்லா வீட்டிலும் கடுகு இருந்தது, சாவும் இருந்தது. நல்ல கதைதான். எனக்கு அன்று அவனை அடிக்கலாம் போல இருந்தது. ஊரில் எல்லா வீட்டிலும் சாவு இருந்தால் என் ஆயா செத்தது இல்லை என்று ஆகிவிடுமா? முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து அவன் வேறு ஒன்று சொன்னான். அவன் அம்மா பௌர்ணமிக்குப் பிக்குகளுக்கு அன்னதானம் செய்தாராம். முடிந்ததும் கூஜாவிலிருந்து கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, அது நிறைந்து வழிய வழியப் புண்ணியத்தை இறந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். அதில் அவன் அப்பா பெயரோடு நம் ஆயா பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொன்னானாம். குருநாகலில் ஆயாவை யாருக்குத் தெரியும்? எனக்கு அப்போதுதான் தொண்டை அடைத்தது.

பாட்டி அன்றைக்கு எனக்கு ஆறுதலே சொல்லவில்லை. "என்ன தேதி? என்ன சாப்பிடுவார்?" இவ்வளவுதான் கேட்டார். தேதியைக் காலண்டரில் குறித்து நாற்பத்தொன்பதாவது நாளை எண்ணி வட்டம் போட்டார். பாகற்காய் பிடிக்கும் என்றேன். புளியும் வெல்லமும் போட்டு நீங்கள் பிரட்டுவது போலச் செய்து கொண்டுபோனேன், வெல்லத்துக்குப் பதில் இங்கத்திய கறுப்புச் சர்க்கரை. அந்தத் தங்கப் பெட்டிக்குள் சோற்றுப் பக்கத்தில் வைத்தார். பிறகு ரென்னியோ (1415–1499) என்ற குருவின் கடிதத்தை எடுத்துப் படித்தார். அவர் இந்த வடக்குச் சீமையின் குடியானவர்களுக்குப் புரிகிற மாதிரி கடிதமாகவே எழுதி அனுப்பியவராம். காலையில் சிவந்த முகத்தோடு இருப்பவர் மாலையில் வெள்ளை எலும்பாவார் என்று அதில் வருகிறது. ஐந்நூறு வருஷமாக அந்தக் கடிதத்தை வீட்டுக்கு வீடு படிக்கிறார்கள். எனக்கோ வீட்டுக்கு நாலு வரி எழுதத் துப்பில்லை.

அன்று ராத்திரி ஒன்று ஞாபகம் வந்தது. அப்பளக் கூடை கவிழ்ந்தாலும், வட்டிக்குப் போன பணம் வராவிட்டாலும், ஆயா "அநெய்ச, தொக்க!" என்று சொல்லித் தலையில் கை வைப்பாரே. நாம் அதைப் பர்மாக்காரர்கள் வசவு என்று நினைத்து, சின்ன வயதில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வோம். குருநாகல் தம்பியிடம் சொன்னதும் அவன் எழுந்தே நின்றுவிட்டான். அநிச்ச, துக்க, அநத்த. எதுவும் நிலையில்லை, எல்லாம் துக்கம், நான் என்று ஒன்றில்லை. பர்மாவில் ஜனங்கள் எது கைநழுவினாலும் இதைத்தான் சொல்வார்களாம். ஆயாவின் அப்பச்சி 1942-ல் கடையையும் கணக்கு ஏடுகளையும் விட்டுவிட்டு நடந்தே வந்தபோது, தேக்குக்கும் பீங்கானுக்கும் அப்புறம் கடைசியாகக் கொண்டுவந்த சரக்கு அந்தச் சொல்தான் போல. ஆயா அதைச் சொன்ன கையோடு அப்பளத்தை எண்ணிப் பொறுக்க ஆரம்பிப்பார், அதையும் நினைத்துக்கொண்டேன்.

இங்கே பனி சத்தமே போடாமல் விழுகிறது ஆத்தா. காலையில் பார்த்தால்தான் தெரியும். முற்றத்து மூலையில் அண்டா வைத்தால் ஓட்டுத் தண்ணீர் தடதடவென்று விழுமே, அந்தச் சத்தத்தை ஆச்சியை விட்டு போனில் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். மழை இல்லாவிட்டால் பரவாயில்லை, குடத்தில் எடுத்து ஊற்றினாலும் போதும். சிரிக்காதீர்கள்.

பிள்ளையார் நோன்பை விடவில்லை. நீங்கள் அனுப்பிய கோடி வேட்டியில் இருபத்தோரு இழை எடுத்துத் திரித்தேன், மாவும் பிடித்தேன். எடுத்துக் கொடுக்கப் பெரியவர்கள் வேண்டுமே, பாட்டியைக் கூப்பிட்டேன். எரிகிற திரியோடு வாயில் போடுவேன் என்றதும் அவர் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கொடுத்தார். நான் விழுந்து கும்பிட்டேன். "நமாந்தாபு" என்றார். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நல்ல சாப்பாட்டுக்கும் குறைவில்லை. ஷின்ரன் நினைவு நாளுக்குக் கோவிலில் சிவப்புப் பயறும் முள்ளங்கியும் கிழங்கும் போட்டு ஒரு கூட்டு வைத்தார்கள், கறி மீன் கிடையாது. அதன் பெயருக்கு அர்த்தம் கேட்டேன். ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள் கூட்டாம். பங்காளிக் கூட்டு! சாப்பிடும்போதே நம் வீட்டு நினைப்பு வந்துவிட்டது.

சரி, நம் பழைய வீட்டை விற்கும் விஷயத்துக்கு வருகிறேன். பங்குள்ள பத்துப் புள்ளிக் குடும்பங்களில் ஏழு பேர் ஒத்துக்கொண்டார்கள் என்பதற்காக அப்பச்சி அவசரப்பட வேண்டாம். ஓடு மாற்ற என் பங்கை நான் சித்திரைக்குள் கொடுத்துவிடுகிறேன். இப்போது அனுப்புவது கொஞ்சம் குறைந்திருப்பது போலத் தெரிந்தால் அது யென் விலை இறங்கியதால், எனக்கு வரும்படி குறைந்ததால் இல்லை. மேலவீட்டு அண்ணன் பட்டாலைத் தூண்களைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழஞ்சாமான் கடைக்கு விலை பேசியிருக்கிறார் என்றால், பேசட்டும். முகப்பு நிலைக்கதவில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அதற்கு அவர் சொல்லும் விலையை நானே தவணையில் தருகிறேன்.

பவர் பத்திரத்துக்கு நான் தோக்கியோவுக்குப் போய்த் தூதரகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். புல்லட் ரயிலில் ஒரு வழிக்கே பன்னிரண்டாயிரம் யென்னுக்கு மேல். ராத்திரி பஸ்ஸில் போகிறேன், ஊர் பார்த்த மாதிரியும் இருக்கும். வாசகத்தை வக்கீலிடம் எழுதி வாங்கி அனுப்புங்கள். என் பெயருக்கு முன்னால் இரண்டு இனிஷியல், போன தடவை ஒன்றை விட்டுவிட்டார்கள்.

பெண் ஜாதகம் பார்ப்பதற்குத் தைப்பூசம் கழியட்டும். ஓடு மாற்றுகிற வேலை முடியட்டும். அவசரம் இல்லை.

அப்பச்சி கண் ஆபரேஷனை எந்தக் கண்ணுக்கு முதலில் செய்கிறார்கள் என்று எழுதவில்லையே. பழனிப் பாதயாத்திரைக்கு இந்த வருஷம் அவர் நடக்க வேண்டாம், குன்றக்குடி வரை போய் வழியனுப்பிவிட்டு வரட்டும்.

ஆயாவின் முதல் திதி இங்கிலீஷ் தேதியில் என்றைக்கு வருகிறது என்று பஞ்சாங்கம் பார்த்து மறக்காமல் எழுதுங்கள். பாட்டி புது வருஷக் காலண்டரை வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் கேட்டபடி இருக்கிறார்.

இப்படிக்கு
உங்கள் அன்பு மகன்

பின் குறிப்பு: பாகற்காய் வற்றல் பார்சலில் போட வேண்டாம், சுங்கத்தில் நிறுத்திவிடுவார்கள். பிரட்டலுக்குப் புளி எவ்வளவு என்று மட்டும் சரியாக எழுதுங்கள். "ஒரு எலுமிச்சை அளவு" என்றால் இங்கத்திய எலுமிச்சை பெரிதாக இருக்கிறது.