கிரீன் சர்க்கிளில் நின்று பார்த்தது

வேலூர்

அன்பு நண்பனுக்கு,

முழங்கால் வலி தணிந்து மறுபடியும் காலை நடை தொடங்கிவிட்டாய் என்று உன் கடிதத்தில் படித்து மகிழ்ந்தேன். நெடுஞ்சாலைப் பணியிலேயே தலை நரைத்தவன் நீ என்பதால், எங்கள் தெருவில் நாள்தோறும் நடக்கும் ஒரு வாதத்தை உன்னிடம் கொண்டுவருகிறேன்.

புதிய பேருந்து நிலையத்தை அடுத்த கிரீன் சர்க்கிள் ரவுண்டானாவை மாற்றியமைக்க வேண்டும் என்பதில் இங்கே எவருக்கும் ஐயமில்லை. எப்படி என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. கார் வைத்திருப்பவர் அதை அடியோடு அகற்றிச் சிக்னல் வைக்கச் சொல்கிறார். சிக்னலில் நின்றால் ஒரு நாளைக்கு இரண்டு நடை குறைந்துவிடும் என்று ஷேர் ஆட்டோக்காரர் மறுக்கிறார். வட்டத்தைச் சிறிதாக்கினால் போதும் என்பவர்களும் உண்டு.

சென்ற வாரம் ஒருநாள் காலை ஏழு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் அங்கே நின்று பார்த்தேன். நாலு சாலை கூடும் சாதாரணச் சந்திப்பில் வண்டிகள் ஒன்றோடொன்று முட்டக்கூடிய இடங்கள் 32 என்றும், ஒற்றைத் தட ரவுண்டானாவில் அவை 8 ஆகக் குறையும் என்றும் நீதான் முன்பு எனக்கு விளக்கினாய். ஆனால் உள்ளே சுற்றும் வண்டிக்கு வெளியிலிருந்து வருவது வழிவிட்டால்தான் அந்தக் கணக்கு பலிக்கும். பிரிட்டனில் 1966 முதலே அதுதான் விதி. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறைகளும் அதையே சொல்கின்றன. நான் பார்த்ததோ நேர்மாறானது: காட்பாடிப் பக்கமிருந்து வந்த பேருந்து தயங்காமல் நுழைய, உள்ளே சுற்றியவை நிற்க, அவற்றின் பின்னால் அடுத்த சாலை வந்து சேரும் வாயும் அடைபட்டு, வட்டம் முழுவதும் பூட்டிக்கொண்டது. வாயிலேயே நின்று ஆள் ஏற்றும் வண்டிகளை ஐம்பதடி தள்ளி நிறுத்தாமல் வட்டத்தைச் சிறிதாக்குவதால் என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை.

என் மனத்தை உறுத்துவது இதுவன்று. எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்தபடி வங்காளத்திலிருந்து வந்த ஒரு முதியவரும் அவர் மனைவியும் சாலையைக் கடக்க நின்றிருந்தார்கள். இருமுறை காலெடுத்து வைத்து இருமுறையும் பின்வாங்கினார்கள். சிக்னல் நேரத்தைக் கணக்கிடும்போது மனிதன் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பதாகக் கொள்வார்கள் அல்லவா? அப்படியானால் பன்னிரண்டு மீட்டர் சாலையைக் கடக்கப் பத்து நொடி போதும். அறுவை செய்துகொண்டு சில நாளே ஆனவருக்கு அது எப்படிப் போதும்? சி.எம்.சி. மருத்துவமனைக்காக வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கியிருக்கும் இவர்களுக்கு நம் மொழி தெரியாது, இங்கே வாக்கும் கிடையாது. பொதுமக்கள் கருத்து என்று நாம் திரட்டுவதில் இவர்கள் சொல் ஒன்றுகூட இருக்கப்போவதில்லை. நடந்து கடப்பவர்களை அங்கேயே சென்று, அவர்கள் மொழி அறிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு கேட்க வேண்டும் என்பதே என் முடிவான கருத்து. பாதி வழியில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டும், சக்கர நாற்காலி ஏறும் சரிவும் இல்லாத வரைபடம் எதுவானாலும் எனக்குச் சம்மதமில்லை.

இதை மனுவாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். தை பிறந்ததும் நீ வந்தால், காலை ஒரு மணி நேரமும் மாலை ஒரு மணி நேரமும் அங்கே நின்று, கடப்பவர்களையும் அவர்கள் காத்திருக்கும் நேரத்தையும் இருவரும் சேர்ந்து எண்ணி எழுதலாம். வரும்போது உன் பழைய அளவுநாடாவையும் எடுத்து வா.

அன்புடன்,
உன் நண்பன்