ஜோப்ளின் போய் வந்தேன்

ஸ்பிரிங்ஃபீல்டு, மிசௌரி

அன்புள்ள இராஜேந்திரனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் சூட்டிய செய்தி அறிந்து மகிழ்ந்தோம். கஜா புயலின்போது வேதாரண்யத்தில் நீங்கள் பட்ட பாட்டை எழுதிவிட்டு, "எங்களுக்காவது சில நாள் முன்பே சொல்லிவிட்டார்கள், உங்கள் பக்கம் டொர்னாடோ அடித்தபின் அதே ஊரில் எப்படித்தான் குடியிருக்கிறார்களோ?" என்று கேட்டிருந்தாய். நம் நாளிதழ்கள் இரண்டையும் சூறாவளி என்றே எழுதிவிடுகின்றன. ஆனால் டொர்னாடோ இடிமேகத்திலிருந்து தரையிறங்கி, ஒரு தெருவைத் துடைத்தெடுத்துவிட்டு அடுத்த தெருவைத் தொடாமலே போய்விடக்கூடிய காற்று.

சென்ற வாரம் ஜோப்ளினுக்குப் போயிருந்தேன். இங்கிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரப் பயணம். ஏறத்தாழ 50,000 பேர் வாழும் அந்த ஊரை 2011 மே 22, ஞாயிறு மாலை டொர்னாடோ தாக்கியது. சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் அகலத்துக்கு ஊரின் நடுவே கோடு கிழித்ததுபோல் எல்லாம் தரைமட்டமாயின. 161 பேர் இறந்தார்கள். அபாயச் சங்கு 5.11 மணிக்கே ஒலித்திருக்கிறது. அடிக்கடி கேட்டுப் பழகிய சங்கு என்பதால், அடுத்த அறிகுறி தென்படட்டும் என்று பலர் காத்திருந்ததாகப் பின்னர் நடந்த ஆய்வு சொல்கிறது. போதாக்குறைக்கு, அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு நிலவறை கிடையாது.

காற்று ஓய்ந்தபின்னும் சாவு ஓயவில்லை. கொரோனாக் காலத்தில் நம்மூரில் எல்லோர் வாயிலும் அடிபட்ட கருப்புப் பூஞ்சை நினைவிருக்கிறதா? காற்றில் பறந்த மண்ணும் மரச்சிராய்களும் காயங்களுக்குள் ஏறியதால் அந்தப் பூஞ்சை 13 பேரைத் தோலில் பற்றியது. அவர்களில் 5 பேர் பிழைக்கவில்லை. ஊரின் பெரிய மருத்துவமனையும் சிதைந்துபோனதால் ஒரு வாரத்துக்குள் கூடாரம் போட்டுச் சிகிச்சை அளித்தார்கள். புதிய கட்டடம் எழ 2015 ஆகிவிட்டது.

தலைமை ஆசிரியராக இருந்த உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது பள்ளிக்கூடத்தைப் பற்றி. உயர்நிலைப் பள்ளி உட்படப் பல கட்டடங்கள் அழிந்து, மாணவர்கள் சிலரையும் இழந்திருந்த நிலையில், ஆகஸ்ட் 17 அன்று வழக்கம்போல் பள்ளி திறக்கும் என்று நிர்வாகம் சில நாள்களிலேயே அறிவித்துவிட்டது. மேல்வகுப்புகளை ஒரு வணிக வளாகத்தில் காலியாகக் கிடந்த பெரிய கடைக்குள் அமைத்தார்கள். ஐக்கிய அரபு அமீரகம் தந்த நன்கொடையில் மாணவர்களுக்கு மடிக்கணினி கிடைத்தது. சொன்ன நாளில் திறந்தும் விட்டார்கள். வீடிழந்த குடும்பம் ஊரைவிட்டுப் போவதா, இருப்பதா என்று முடிவெடுக்கும் வேளையில் பிள்ளையின் படிப்புதான் முதலில் கண்ணுக்குத் தெரியும்; நிவாரணப் பணத்தைவிட அந்தத் தேதிதான் பலரை அங்கே நிறுத்தியது என்று நான் நினைக்கிறேன். இது என் கணிப்பு மட்டுமே. நீ மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

நான் சந்தித்த மூதாட்டி, ஓய்வுபெற்ற செவிலி, அன்று குளியல் தொட்டிக்குள் படுத்து மெத்தையால் மூடிக்கொண்டு உயிர் பிழைத்தவர். இன்றும் வானிலை எச்சரிக்கை வந்தால் அலமாரியிலிருந்து முதலில் எடுப்பது காலணியைத்தான். அன்று கண்ணாடிச் சில்லுகள்மேல் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். கூடவே மிதிவண்டித் தலைக்கவசம் ஒன்றும் மாட்டியிருக்கிறது. புதிய பள்ளிகளில் கட்டியுள்ள பாதுகாப்பு அறைகளைப் பெருமையோடு காட்டினார். சிறு தூறலுக்கே விழித்துக்கொள்வதாகவும் சொன்னார்.

அவர் காட்டிய இன்னொரு பொருளைத்தான் மறக்க முடியவில்லை. காற்று அடித்துச் சென்ற குடும்பப் புகைப்படங்கள் வெகு தொலைவில் வயல்களிலும் வேலிகளிலும் கிடந்தன. பக்கத்து ஊரான கார்த்தேஜில் தேவாலயத் தன்னார்வலர்கள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேகரித்து, சேறு கழுவி, உரியவர்களைத் தேடித் தந்திருக்கிறார்கள். மூதாட்டிக்குத் திரும்பி வந்தது ஒரே ஒரு படம்: திருமணத்தன்று எடுத்தது. கணவரின் முகம் இருந்த பக்கம் நீரில் கரைந்து, தோளும் கோட்டில் செருகிய பூவும் மட்டும் மிஞ்சியிருந்தன. அதற்குச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

கஜாவில் நனைந்த உன் பள்ளியின் பழைய வருகைப் பதிவேடுகளை மாடியில் விரித்து உலர்த்தியதாக அப்போது எழுதியிருந்தாய். நம் ஆண்டுக்குரியதும் அவற்றில் இருந்ததல்லவா? அது பிழைத்ததா என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
சுந்தரம்