மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ் எங்கும் வெளியேறவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். ரே சார்ல்ஸ், சாம் குக், அரீத்தா ஃபிராங்க்ளின் ஆகியோரைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பதே அரிது. ஆனால் கட்டுரை எல்லோருக்கும் ஒரே கதையைச் சொல்கிறது: தேவாலயத்தில் பாடத் தொடங்கினார், பிறகு அதை விட்டு வெளியேறி சோல் என்னும் கறுப்பினரின் ஜனரஞ்சக இசையில் பேரும் பணமும் சம்பாதித்தார். சாம் குக்குக்கு இது ஓரளவு பொருந்தும். அரீத்தாவுக்கே பொருந்தாது. புகழின் உச்சியில் இருந்த அவர், 1972இல் லாஸ் ஏஞ்சலிஸின் பாப்டிஸ்ட் ஆலயம் ஒன்றில் சபையார் முன்னிலையில் பாடிப் பதிவுசெய்த கோஸ்பல் (கிறிஸ்தவ பக்திப் பாட்டு) ஆல்பம்தான் அவருடைய ஆல்பங்களிலேயே அதிகம் விற்றது. இந்தக் கதைக்குள் கொஞ்சமும் அடங்காத இன்னொருவர் மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ். அவர் பெயர் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மேவிஸ் 1939இல் சிகாகோவில் பிறந்தவர். 'பாப்ஸ்' என்று எல்லோரும் அழைத்த அவருடைய தந்தை ரோபக் ஸ்டேப்பிள்ஸ், மிசிசிப்பியில் டாக்கரி பருத்திப் பண்ணையில் வளர்ந்து, அங்கே சார்லி பாட்டன் என்ற கலைஞர் ப்ளூஸ் என்னும் கறுப்பினரின் துயரப் பாட்டுக்கு வாசித்த கிதாரைக் கேட்டுக் கற்றவர். பிழைப்புக்காக சிகாகோ வந்து இறைச்சிக்கூடங்களில் வேலை பார்த்தார். வேலை முடிந்து வந்ததும் பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்து, கிதார் தந்தி ஒன்றைத் தட்டி, இது உனக்கு, இது உனக்கு என்று ஒவ்வொருவருக்கும் குரலைப் பிரித்துக் கொடுப்பார். இப்படி உருவான 'ஸ்டேப்பிள் சிங்கர்ஸ்' குடும்பக் குழு 1948இல் முதன்முதலாக ஆலயத்தில் பாடியபோது மேவிஸ் மிகச் சிறுமி. ஆள் தெரிய வேண்டும் என்று நாற்காலியில் ஏற்றி நிறுத்தினார்களாம்.

1956இல் அவர்கள் பாடிய 'அன்க்ளவுடி டே' பாடல் வெளிவந்தது. வானொலியில் அதைக் கேட்டவர்கள், அந்த அடித்தொண்டைக் குரல் ஒரு சின்னப் பெண்ணுடையது என்று நம்ப மறுத்துப் பந்தயம் கட்டினார்கள். பாப்ஸின் கிதார் ஒலி குளத்து நீரில் விழுந்த நிலவு போல நடுங்கிக்கொண்டே இருக்கும். அதன்மேல் மேவிஸின் குரல் அவசரமில்லாமல் வந்து உட்காரும். பழைய பதிவுதானே என்று ஒதுக்காமல் வாசகர்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாண்ட்கோமரி நகரின் டெக்ஸ்டர் அவென்யூ ஆலயத்தில் மார்ட்டின் லூதர் கிங்கின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு விடுதிக்குத் திரும்பிய பாப்ஸ், பிள்ளைகளை அழைத்து, அவரால் இதைப் பிரசங்கிக்க முடியும் என்றால் நம்மால் இதைப் பாட முடியும் என்றார். அதன்பின் குடும்பத்தின் பாட்டு மக்கள் போராட்டத்தின் பாட்டாயிற்று. லிட்டில் ராக் நகரில் வெள்ளையர் பள்ளியில் சேரப் போன ஒன்பது கறுப்பின மாணவர்கள் பட்ட பாட்டை வைத்து பாப்ஸ் எழுதிய பாடலை, கூட்டங்களில் கிங் கேட்டு வாங்கிப் பாடச் சொல்வார். 1965இல் கறுப்பினரின் வாக்குரிமைக்காக நடந்த செல்மா நடைபயணம் முடிந்த சில வாரங்களில், சிகாகோ ஆலயம் ஒன்றின் ஆராதனையிலேயே 'ஃப்ரீடம் ஹைவே' பாடல் பதிவாயிற்று. இதில் எது ஆன்மிகம், எது உலகியல் என்று யாரால் கோடு கிழிக்க முடியும்?

1968இல் குடும்பத்தார் மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் என்ற சோல் இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தார்கள். கட்டுரையாளரின் கதைப்படி இதுதான் 'வெளியேறிய' இடமாக இருக்க வேண்டும். ஆனால் 1972இல் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்த 'ஐ'ல் டேக் யூ தேர்' பிறந்த விதத்தைப் பாருங்கள். ஸ்டாக்ஸின் தலைவர் அல் பெல், கொலையுண்ட தம்பியை அடக்கம் செய்துவிட்டு, தந்தை வீட்டுக் கொல்லையில் நின்ற பழைய பள்ளிப் பேருந்தின் முன்மூடியில் உட்கார்ந்திருந்தபோது மனத்தில் வந்த வரிகள் அவை. அழுகையும் பொய்யும் இல்லாத ஓர் இடத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்கிற பாட்டு. அலபாமாவின் மஸ்ஸில் ஷோல்ஸில் ஒலிப்பதிவு நடந்தது. எழுதிய வரிகள் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் வாத்தியக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கெஞ்சி, உருகி மேவிஸ் அந்த இடத்திலேயே கட்டியெழுப்பியது. ஆலயத்தில் பிரசங்கியாரும் சபையும் மாறி மாறிக் குரல் கொடுப்பார்களே, அந்த முறைதான். ஆனாலும் சாத்தானின் பாட்டு என்று சில ஆலயங்கள் அவர்களை ஒதுக்கின. சாத்தானுக்கென்று இசை ஏது, எல்லா இசையும் கடவுளுடையது என்பது மேவிஸின் பதில்.

1969இல் நியூயார்க் ஹார்லம் பூங்காவில் நடந்த இசைவிழாவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிங் இறக்கும் முன் கடைசியாக வாசிக்கச் சொன்ன 'பிரெஷஸ் லார்ட்' பாடலை மூத்த கோஸ்பல் பாடகி மஹாலியா ஜாக்சன் பாட வேண்டும். அன்று அவருக்கு உடம்பு முடியவில்லை. பக்கத்தில் இருந்த மேவிஸைத் தொடங்கிவைக்கச் சொன்னார். மேவிஸ் பாடினார், பிறகு மஹாலியா எழுந்து வந்து சேர்ந்துகொண்டார், ஒலிவாங்கி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய் வந்தது. சாகும்வரை கோஸ்பல் மட்டுமே பாடுவேன் என்று நின்ற மஹாலியா, தரவரிசைப் பாடகி ஆகப்போகிற பெண்ணை அழைத்துப் பாடவைத்தார். ஐம்பது ஆண்டுக்கு மேல் கிடப்பில் கிடந்த அந்தப் படச்சுருள் 2021இல்தான் ஆவணப்படமாக வெளிவந்தது.

எழுபதுகளின் நடுவில் ஸ்டாக்ஸ் திவாலானது. 2000இல் பாப்ஸ் காலமானார். பாட்டே வேண்டாம் என்று முடங்கிய மேவிஸை அக்கா இவான் அதட்டி எழுப்பினார். பெரிய நிறுவனங்கள் கைவிரித்தபோது, மேவிஸ் சொந்தப் பணத்தைப் போட்டு ஆல்பம் செய்தார். அது 2004இல் வந்தது. போட்டிப் பிரிவில் முதல் கிராமி விருது 2011இல், 71 வயதில் கிடைத்தது. பாப்ஸ் சாகும் முன் பாடிப் பதிந்து, 'இதைத் தொலைத்துவிடாதே' என்று மகள் மேவிஸிடம் கொடுத்த ஒலிநாடாக்களும் 2015இல் அந்த வார்த்தைகளையே தலைப்பாகக் கொண்டு ஆல்பமாயின.

சேர்ந்து பாடிய உடன்பிறப்புகள் ஒவ்வொருவராக மறைந்த பிறகும், எண்பது வயதைக் கடந்தும் மேடையேறுகிறவர் அவர். அந்தக் கட்டுரையைத் தொடராக வெளியிடும் எண்ணம் இருந்தால், அடுத்த பகுதியில் மேவிஸுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். 'வெளியேறினார்' என்ற சொல் மட்டும் அதில் வேண்டாம். படம் போடுவதானால், பாப்ஸ் கிதாரோடு நிற்க, பிள்ளைகள் சுற்றி நிற்கும் குடும்பப் படமாகத் தேர்ந்தெடுத்தால் நல்லது.

அன்புடன்,
ஒரு வாசகி,
நாகர்கோவில்.