ஒதுக்கித் தள்ளும் ஆல்பம் அல்ல

ஆசிரியருக்கு,

ஆல்டர்நேட்டிவ் ராக்கின் (பெருவணிகப் போக்குக்கு வெளியே வளர்ந்த ராக் இசையின்) வேர்கள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால், அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த மிஷன் ஆஃப் பர்மா குழுவின் நேரடி (மேடையில் பதிவான) ஆல்பமான ‘தி ஹாரிபிள் ட்ரூத் அபவுட் பர்மா’வை மிச்சம் மீதிகளின் தொகுப்பு என்று கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துவிட்டார். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

1979-ல் உருவான குழு இது. மேடையில் மூன்று பேர்: கிதார் ராஜர் மில்லர், பேஸ் கிளின்ட் கான்லி, டிரம்ஸ் பீட்டர் பிரெஸ்காட். நாலாமவரான மார்ட்டின் ஸ்வோப் மேடையேற மாட்டார். ஒலியைக் கலக்கும் கருவிக்கு அருகே இருந்தபடி, அவர்கள் வாசிப்பதை அப்போதே டேப்பில் பிடித்து, சுழலவிட்டு, சில நேரம் பின்னோக்கி ஓட்டி, அதே பாட்டுக்குள் திருப்பி அனுப்புவார். வாசித்த மூவருக்கும் தாங்கள் வாசித்ததே வேறொன்றாகத் திரும்பி வரும். இப்படி ஓர் இசையை மேடையில் கேட்காமல் வேறெங்கே முழுதாகக் கேட்பது? 1981-ல் வந்த அவர்களது ஸ்டுடியோ பதிவான ‘சிக்னல்ஸ், கால்ஸ் அண்ட் மார்ச்சஸ்’ எனக்குப் பிடித்ததுதான். ஆனால் அதில் ஒலியைத் தேய்த்துத் துலக்கி வைத்திருக்கிறார்கள்.

நேரடி ஆல்பம் 1983-ன் விடைபெறும் பயணத்தில் பதிவாகி, 1985-ல் வெளிவந்தது. குரல் சில இடங்களில் இரைச்சலில் முங்கிப்போகிறது, உண்மைதான். அதற்காக இதை மிச்சம் என்பதா? ‘பீக்கிங் ஸ்பிரிங்’ உட்பட இதிலுள்ள பல பாடல்கள் அவர்களது முந்தைய ஸ்டுடியோ இசைத்தட்டுகளில் இல்லை. கூடவே, தங்களுக்கு முந்தைய அமெரிக்க ராக் குழுக்களான ஸ்டூஜஸின் ‘1970’, பெரே ஊபுவின் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ என்ற இரண்டு பாடல்களையும் வாசிக்கிறார்கள். தாங்கள் யாருடைய வழியில் வந்தவர்கள் என்பதை அவர்களே சொல்லிவிடும் இடம் அது.

குழு கலைந்ததற்குக் காரணம் மில்லரின் காது இரைச்சல் நோய். துப்பாக்கி சுடும் களத்தில் அணியும் காதுக் கவசத்தைப் போட்டுக்கொண்டு அவர் வாசித்த காலம் அது. (இசை நிகழ்ச்சிகளுக்குப் போகும் இளைஞர்கள் தயவுசெய்து காதைக் காத்துக்கொள்ளுங்கள்.)

பின்னாளில் ஆர்.இ.எம். என்ற ராக் குழு மிஷன் ஆஃப் பர்மாவின் ‘அகாடமி ஃபைட் சாங்’கைப் பாடியது, 1996-ல் இசைக் கலைஞர் மோபி அவர்களுடைய ‘தட்ஸ் வென் ஐ ரீச் ஃபார் மை ரிவால்வர்’ பாடலைப் பதிவுசெய்தார். கட்டுரை இவற்றை மட்டும் வைத்து அவர்களை வெறும் நல்ல பாட்டு எழுதிய குழுவாகக் காட்டுகிறது. ஆனால் ஸ்வோப்பின் டேப் வேலை அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்: 2002-ல் மீண்டும் சேர்ந்தபோது ஸ்வோப் வரவில்லை. அவருடைய டேப் வேலைக்கு பாப் வெஸ்டனைச் சேர்த்துக்கொண்டார்கள். மூவராகவே நின்றுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால், ஸ்வோப் செய்ததைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்,
கோவை